ரெண்டு மூட்டை மாவுக்கு ஒரு பேரு

ஹலோ... ஹலோ... மர்டீனாக்கா, கேக்குதா... நான்தான், லாக்லன்... உன் தம்பி லாக்லன், வேற எந்த லாக்லன்... ஆமா, குலத் திருவிழா மைதானத்துலதான் இருக்கேன்... மழை காலையிலேருந்து பெய்யுது, அது அதோட வேலையைப் பாக்கட்டும், நீ விசயத்துக்கு வா...

முன்னாடி கட்டாயிடுச்சா... கூடாரத்துக்குள்ள சிக்னல் இல்ல அக்கா. இப்ப வெளிய வந்து கோழித்தொட்டி மேல ஏறி நிக்கிறேன்... அதேதான், கோட்டை வாசல்ல கெடந்த பழைய கல் தொட்டி. விளையாட்டுப் பாக்க வர்றவங்க பாக்கட்டும்னு வருசா வருசம் தூக்கிட்டு வந்து வெக்கிறோம்ல... இதோட விளிம்புல நின்னாத்தான் ரெண்டு கோடு காட்டுது. எறங்குனா போயிடுது... விழ மாட்டேன்... விழ மாட்டேன்னு சொல்றேன்ல. முழங்கால் அளவு மழைத்தண்ணி நிக்குது, தெரிஞ்சே விழுவேனா.

சரி, கேளு. மூணு மணிக்கு என் பேச்சு. இன்னும் அரை மணி நேரம் கூட இல்ல. புதுசா ஒரு பெரிய மனுசன் கெடைச்சானா இல்லையா...

நம்ம குடும்பப் பேருல பொறந்து புகழ் சம்பாதிச்சவன் யாராவது. மக்லோரக்னு முடியற எவனா இருந்தாலும் சரி. அதுக்குத்தானே அந்தப் பழைய சர்ச் புத்தகத்தை வாங்கிட்டு வந்து படின்னு சொன்னேன்... இருக்கிற மூணு பேரையே பதினோரு வருசமா சொல்லிட்டிருக்கேன் அக்கா. போன வருசம் ரெண்டாவது ஆளுக்கு வரும்போதே கனடாவுலேருந்து வந்த நம்ம குலத்துக்காரங்க எந்திரிச்சு ஐஸ்கிரீம் வாங்கப் போயிட்டாங்க. அந்தக் குளிர்ல...

ஏன், நெட்டை ஆங்கஸுக்கு என்ன கொறைச்சல். போர்க்களத்துல காயம்பட்டுக் கெடந்த குலத் தலைவரை முதுகுல சுமந்துக்கிட்டு பதினாலு மைல் ஓடுனவன்... என்னது... எந்தப் பக்கத்துல... சீஸ் மூட்டையா...

மூடுபனியில சீஸ் மூட்டைன்னு நெனச்சுத் தூக்கிட்டானா... யாரு சொன்னது... அவனேவா. போதகர் முன்னாடி அவனே ஒத்துக்கிட்டானா... ம்... தலைவர் இருமுனப்பதான் தெரிஞ்சுதா. அது எத்தனாவது மைல்ல... பதிமூணா...

சரி, பதினாலாவது மைல் தெரிஞ்சேதானே தூக்கிட்டுப் போனான். அந்த ஒரு மைலை நல்லா விரிச்சுச் சொல்லிக்கிறேன். அடுத்தது.

கேப்டன் ஹெக்டரைத் தொடாத. அவன் தீவு கண்டுபிடிச்சவன். ஒத்தையா எறங்கிக் கொடி நட்டவன்... ஆமா... ஆமா... யாரு... பொம்பளையா. அங்க ஏற்கனவே ஒருத்தி ஆடு கறந்துக்கிட்டிருந்தாளா... அவதான் வழி சொல்லி வீட்டுக்கு அனுப்பி வெச்சாளா...

அந்தத் தீவு எங்க இருந்துச்சாம்... நம்ம ஏரியிலயா. அக்கா, அங்கதானே நாம சின்ன வயசுல ஈஸ்டருக்கு முட்டை உருட்டப் போவோம். பாவி, பதினோரு வருசமா வட துருவத்துப் பக்கம்னு சொல்லிட்டிருக்கேனே...

சிரிக்காத. நீ சிரிக்கிறது இங்க பேக்பைப் வாசிக்கிறவனுக்குக் கேக்குது, தாளம் தப்பிட்டான்.

சாமுவேல் போதகரைப் பத்தி ஒண்ணும் சொல்லாத. அவர் பிரசங்கம் பண்ணி முடிக்கிறதுக்குள்ள சர்ச்சுல ஒரு மாடு கன்னு போட்டுச்சுங்கிறது ஊருக்கே தெரியும்... அது பெருமைதான் அக்கா. வேற யாரு பிரசங்கத்துக்கு மாடு வந்து உக்காந்துச்சு.

(வாட்டி, அங்க இல்ல. அந்தக் கடைசிப் பலகை உன்னோடது. ஆமா, கூடாரத்துக்கு வெளிய இருக்கே, அதுதான்... மழை எல்லாருக்கும்தான் பெய்யுது. குடை வெச்சுக்கோ.)

இல்ல அக்கா, ரொட்டிக்கடை வாட்டி. உள்ள வந்து உக்காரப் பாக்கிறான். அவன் கோழித்தொட்டி மக்லோரக்... தப்பா என்ன சொல்லிட்டேன். உள்ளதைத்தானே சொல்றேன். தலைவருக்கு ஆள் பத்தாத காலத்துல, எவன் வந்து பேரை மாத்திக்கிறேன்னாலும் ரெண்டு மூட்டை ஓட்ஸ் மாவைக் குடுத்து, கோழிங்க தண்ணி குடிக்கிற இந்தத் தொட்டியில ஒரு முக்கு முக்கி எடுத்து, போ, இனிமே நீயும் மக்லோரக்னு அனுப்பிடுவாரு. மாவுக்கு வந்த கூட்டம் ஒரு பலகை, ரத்தத்துல வந்த கூட்டம் ஒரு பலகை. நம்ம குலச் சங்கத்து விதி அது... நான்தான் எழுதுனேன், ஒத்துக்கிறேன். ரத்த வழி வந்தவன்தான் கொடி பிடிக்கணுங்கிறதும் நான் எழுதுனதுதான். இன்னிக்குப் பேச்சு முடிஞ்சதும் அந்தக் கொடி என் கைக்கு வருது, தெரியும்ல. பதினோரு வருசம் காத்திருந்து...

கிர்ஸ்டி எங்க... உன் பக்கத்துலயா. கல்யாண கவுனைப் போட்டுப் பாக்குறாளா... இல்ல, குடுக்காத. நான் பேசப் போறதில்ல. மூணு வாரம் முன்னாடி பெட்டியைத் தூக்கிட்டு உன் வீட்டுக்கு வந்தவ அவதான். பெத்த அப்பனை விட ஒரு கில்பிரெக் பையன் ஒசத்தியாப் போயிட்டான்...

பையன் நல்லவன்தான். ஃபின்லே நல்லவன் இல்லேன்னு நான் எப்பச் சொன்னேன். படகு ஓட்டுறான், குடிக்கிறதில்ல, என் நாய் கூட அவன்கிட்டதான் போகுது. ஆனா அவன் கில்பிரெக் அக்கா. முந்நூறு வருசத்துக்கு முன்னாடி நம்ம காளையைத் திருடுனவனுங்க. அந்த வீட்டுக்கு என் பொண்ணைக் கையைப் புடிச்சுக் கூட்டிட்டுப் போய் விடணுமா. அவனோட அப்பன் டூகல்ட் இருக்கானே, இப்பக் கூட எதிர்க் கூடாரத்துல பெரிய அண்டாவை வெச்சுக் கஞ்சி கிண்டிட்டு என்னையே பாக்குறான். மூஞ்சி பூரா புள்ளி. கில்பிரெக்னாலே புள்ளிமுகத்தான்னுதான அர்த்தம்...

என் மூஞ்சியில இருக்கிறது வெயில்ல வந்தது... எந்த வெயிலா... எழுபத்தாறுல ஒரு கோடை வந்துச்சே, மறந்துட்டியா... அது வந்தா அப்படியே தங்கிடும் அக்கா, டாக்டரே சொன்னாரு... சரி, டாக்டர் சொல்லல.

காலைப் பத்தி எதுக்கு இப்ப. மக்லோரக்னா நீளக்காலன் மக்கள், ஆமா. வடக்குக் கடல்லேருந்து வந்த இளவரசன், கப்பல்ல நின்னபடியே கரையில காலை வெச்சவன்... என் காலு அம்மா வழி. அதை ஏன் கெளர்ற. இப்பத் தொட்டி மேல நிக்கிறேன், மைதானத்துலயே நான்தான் உசரம்...

அக்கா, நீ எதையோ மறைக்கிற. சின்ன வயசுல என் முயல் செத்தப்பவும் இப்படித்தான் சுத்தி வளைச்சு என் காலைப் பத்திப் பேசுன. என்ன கெடைச்சுது உனக்கு அந்தப் புத்தகத்துல...

படி.

...ம்... ஆயிரத்து அறுநூத்துத் தொண்ணூத்தேழு... பஞ்ச காலம், தெரியும்... மெதுவாப் படி, பக்கத்துல இரும்புக்குண்டு எறியுற போட்டி நடக்குது, சரியாக் கேக்கல... ஆத்தங்கரை வீட்டு ஈவன்... நம்ம ஈவன்தானே அது. நம்ம கூடத்துச் சுவத்துல மாட்டியிருக்கிற வம்சப் படத்துல முதல் பேரே ஈவன் மக்லோரக்தானே. அதுக்கு மேல இருந்த பேரையெல்லாம் கில்பிரெக்குக்காரனுங்க எரிச்சுட்டானுங்கன்னு அப்பா சொல்லுவாரே...

என்ன பேரு... இன்னொரு தடவை படி...

ஈவன் கில்பிரெக்.

...

இரு, விளிம்புல கால் வழுக்குது... சரி, நின்னுட்டேன். மேல படி.

ரெண்டு மூட்டை மாவு... தொட்டியில... எந்தத் தொட்டி. இந்தத் தொட்டியா. நான் நிக்கிற இந்தத் தொட்டியா... ஆள் அடையாளமும் போட்டிருக்கா. குட்டைக் காலு. மூஞ்சியில... போதும், போதும், தெரியுது.

அக்கா, ஊருல ஒரே ஒரு ஈவன்தான் இருந்தானா என்ன... ஆத்தங்கரை வீடு ஒண்ணுதான், சரி... பொண்டாட்டி பேரு பெத்தாக்... கடைசிப் பையன் பேரு லாக்லனா. சரியாப்போச்சு.

ஒரு நிமிசம். அப்ப அந்தக் காளை... அதுவும் இருக்கா. எந்தப் பக்கம்... திருடுனது யாரு... ஈவனா. நம்ம ஈவனா... பதினோரு வருசமா மைக்கைப் புடிச்சுக்கிட்டு அந்தத் திருடன் வம்சம் வெளங்காமப் போகன்னு சொல்லிட்டிருக்கேனே அக்கா...

எங்க வெளங்குச்சு, நீயே பாரு. தொட்டி மேல நிக்கிறேன்.

இங்க பாரு, இது யாருக்கெல்லாம் தெரியும்... உனக்கும் கிர்ஸ்டிக்கும் மட்டுமா... நல்லது. கேளு. அந்தப் புத்தகத்தை மூடு. மூடி, நாளைக்கு சர்ச்சுக்குப் போறப்ப பாட்டுப் புத்தகங்களுக்கு அடியில வெச்சுடு. முந்நூறு வருசம் அங்கதான கெடந்துச்சு, இன்னும் முந்நூறு வருசம் கெடக்கட்டும். நான் எப்பவும் போல பேசிட்டுக் கொடியை வாங்கிக்கிறேன். ஆங்கஸ் தூக்குனது தலைவரைத்தான். தீவு வடக்குலதான் இருக்கு...

கல்யாணமா. அதுதான் இன்னும் நல்லாப் போச்சே. இப்ப ரெண்டு வீடும் கில்பிரெக்குன்னா அவங்க நமக்குப் பங்காளி. பங்காளி வீட்டுல பொண்ணு குடுக்கலாமா... குடுக்கலாமா. எத்தனை தலைமுறை... ஒம்போது. போதகர்கிட்டயே கேட்டுட்டியா... நேத்து வரைக்கும் பகையாளி ஆகாதுன்னேன், இன்னிக்குப் பங்காளி ஆகாதுங்கிறேன்... ஆமா, நானே சொல்றப்ப எனக்கே ஒரு மாதிரியாத்தான் இருக்கு.

என்ன கேட்டாளாம்...

இன்னிக்கு மூணு மணி வரைக்கும் பாப்பேன், அப்பா வர்றேன்னு சொல்லலேன்னா கல்யாணத்தன்னிக்கு நீங்களே என் கையைப் புடிச்சுக் கூட்டிட்டு வாங்க அத்தைன்னு சொல்லிட்டாளா... அழுதுக்கிட்டா, அழாமயா... அழாமதானா. அழுதிருந்தாத் தேவலை.

...

இன்னும் இருக்கா அந்தப் பக்கத்துல. படி... ம்... ஏன் பேரை மாத்துறேன்னு போதகர் கேட்டாரா... என்ன சொன்னான்...

அஞ்சு புள்ளைங்க.

...ஆமா... கேட்டுட்டுத்தான் இருக்கேன்... மூணு நாளா அடுப்பு எரியலன்னானா... பேரு கெடக்கட்டும் ஐயா, புள்ளைங்களுக்குக் கஞ்சி வேணும்னானா...

நீ எதுவும் சொல்ல வேண்டாம் அக்கா. எனக்குப் புரியுது. அவன் புள்ளைங்களுக்காக இருந்த பேரையே குடுத்துட்டான். எனக்கு இருக்கிறது ஒரே புள்ளை, அவளுக்காக ஒரு கொடியை விட மாட்டேங்குறேன்... புரியுதுன்னு சொன்னேன்ல, திருப்பித் திருப்பிச் சொல்லாத. மூக்கு வேற ஒழுகுது... மழைதான்.

(என்ன வாட்டி... எனக்கா... வேண்டாம்பா... சரி, குடு.)

வாட்டி அக்கா. நனைஞ்சுக்கிட்டே நிக்கிறேனேன்னு சூடா ஒரு கறி ரொட்டி கொண்டாந்து குடுக்கிறான். நான் வெளிய உக்கார வெச்சவன்... உள்ள உக்காந்திருக்கிற ரத்த வழி ஒருத்தனும் திரும்பிக் கூடப் பாக்கல.

மணி என்ன... மூணு ஆகப் போகுதா. கூப்புடுறாங்க. அக்கா, ஃபோனை வெச்சுடாத. அவளையும் கிட்ட வரச் சொல்லு... பேச வேண்டாம், கேட்டா மட்டும் போதும்.

(வாட்டி, அந்த மைக்கை இங்க எடுத்துட்டு வா. வயர் எட்டுமா... எட்டுது. மேடைக்கு வரல, இங்கேருந்தே பேசிக்கிறேன். எறங்குனா சிக்னல் போயிடும்.)

ஹலோ... மைக் வேலை செய்யுதா... எல்லாருக்கும் வணக்கம். கனடாவுலேருந்து வந்தவங்களுக்குத் தனி வணக்கம், ஐஸ்கிரீம் வாங்குறவங்க இப்பவே வாங்கிக்கோங்க. மக்லோரக் என்ற பெருமைமிகு பேர்... வடக்குக் கடலைக் கடந்து வந்த ஒரு இளவரசன்... அவன் கால்...

என் காலைப் பாருங்க எல்லாரும்.

சிரிக்கலாம். பதினோரு வருசமா யாராவது சிரிச்சிருந்தீங்கன்னா இவ்வளவு தூரம் வந்திருக்காது. ஒரு சின்னத் திருத்தம் சொல்லிடுறேன். ஆங்கஸ் தூக்குனது சீஸ். தீவு நம்ம ஏரியிலதான் இருக்கு. காளையைத் திருடுனது எங்க முப்பாட்டன் ஈவன். அவன் மக்லோரக் இல்ல, கில்பிரெக். பஞ்சத்துல அஞ்சு புள்ளைங்களுக்காக ரெண்டு மூட்டை மாவை வாங்கிட்டு இந்தத் தொட்டியில முங்குனவன். ஆக, நான் கோழித்தொட்டி வகை. விதிப்படி கொடி எனக்கு இல்ல. விதியை எழுதுன மடையன் யாருன்னு உங்களுக்கே தெரியும். அதைக் கால் நீளமா எவனாவது இருந்தாக் குடுத்துடுங்க... முடிச்சுட்டேன். வாட்டி, பலகையில கொஞ்சம் நகந்து உக்காரு.

...அக்கா, இருக்கியா... கை தட்டுறாங்களா சிரிக்கிறாங்களான்னு தெரியல. கனடாக்காரங்க மட்டும் ஒருத்தரும் எந்திரிக்கல, வாயைப் பொளந்துட்டு உக்காந்திருக்காங்க. இத்தனை வருசத்துல இதுதான் நல்ல பேச்சாம், வாட்டி சொல்றான்...

ஐயோ, இரு இரு. டூகல்ட் வர்றான். கரண்டியைப் போட்டுட்டு வர்றான். அடிக்க வர்றானா... இல்ல, தோள்ல என்னமோ... ரெண்டு தோள்லயும் ஒவ்வொரு மூட்டை. பின்னாடி அவன் கூட்டம் மொத்தமும் வருது. பாத்தா எல்லாம் என் மூஞ்சியாவே இருக்கு அக்கா. இத்தனை நாள் எனக்கு எப்படித் தெரியாமப் போச்சு...

கீழ போட்டுட்டான். என் முன்னாடி ரெண்டு மூட்டை ஓட்ஸ் மாவு. இதை எடுத்துக்கிட்டு நம்ம வீட்டுக்கே திரும்பி வந்துடுங்கன்னு சொல்றான். இவ்வளவு லேட்டாவா வர்றதுங்கிறான்...

(நல்ல மாவா... கல்லுல அரைச்சதா... சும்மா கேட்டேன், கோவிச்சுக்காதீங்க.)

தொட்டியிலயும் முங்கணுமாம் அக்கா. ஈவன் முங்கித்தான் போனான், நான் முங்கித்தான் திரும்பி வரணுமாம். ஷூவோட எறங்கலாமா, கழட்டணுமா... புத்தகத்துல என்ன போட்டிருக்கு... ஒண்ணும் போடலயா. சரி, ஷூவோடயே எறங்குறேன். ஐயயோ, தண்ணியாடா இது, பனிக்கட்டியை உருக்கி ஊத்துன மாதிரி...

யாரு... கிர்ஸ்டி...

கிர்ஸ்டிம்மா... கேட்டியா... அழறியா சிரிக்கிறியா... ரெண்டுமா. நானும் அப்படித்தான்... தப்பு என் மேலதான். உங்க அம்மா இருந்திருந்தா மூணு வாரம் முன்னாடியே என்னைத் தூக்கி இதுல போட்டிருப்பா... சனிக்கிழமை பதினோரு மணிக்கா, பத்தரைக்கா... பத்தரைக்கே வந்துடுறேன். கையை நான்தான் புடிச்சுக் கூட்டிட்டு வருவேன், அத்தைகிட்டச் சொல்லிடு... சர்ச்சுல நான் எந்தப் பக்கம் உக்காரணும், பொண்ணு பக்கமா மாப்பிள்ளை பக்கமா. இப்ப நான் ரெண்டு பக்கத்துக்கும் சொந்தம்... சரிடி, உன் பக்கம்தான். எங்கயும் போகல...

ஃபின்லேயா, இங்கதான் இருக்காரு மாப்பிள்ளை. என் தொப்பியைப் புடிச்சுக்கிட்டு நிக்கிறாரு. நாயும் அவர்கிட்டதான் நிக்குது...

இரு கண்ணு, தலையைக் குனியச் சொல்றாங்க... குனிஞ்சுட்டேன்... இன்னும் குனியணுமா. சம்பந்தி, ஒரு நிமிசம்... சம்பந்தி, கையில ஃபோன் இருக்கு, பொண்ணு பேசிக்கிட்டிருக்கா, பாத்து அமுக்குங்க சம்ப